எந்த நம்பருக்குச் சொன்னீங்க?

"எந்த நம்பருக்குச் சொன்னீங்க? அதைச் சொல்லுங்க மேடம். சொல்லாம நான் போனை வைக்கமாட்டேன்."

இந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கிளிஃபர்ட் சார் சொல்லிவிட்டார். விமானக் கம்பெனிக்காரர்களிடம் சீட் இருக்கா என்று கேள், சாப்பாடு சைவமா அசைவமா என்று கேள், பெட்டி எத்தனை கிலோ என்று கேள். ஏதாவது ரத்தானால், நேரம் மாறினால், யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்காதே. "அது நமக்கு வேண்டாத வேலைம்மா." கூடவே இன்னொன்றும் சொன்னார்: கஸ்டமர் முன்னால் 'இன்னா', 'கீது' எல்லாம் வேண்டாம். இரண்டாவதன் காரணம் எனக்குப் புரிந்தது. முதலாவதன் காரணம் புரியவில்லை. புரியாத விஷயம் எனக்குப் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகும்.

எங்கள் டிராவல்ஸ் தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆட்கள் இரண்டே பேர். கிளிஃபர்ட் சார் அவருடைய கம்ப்யூட்டரில், அவருடைய பாஸ்வேர்டில் டிக்கெட் போடுவார். நான் ஆதார் நகல் வாங்குவேன், டிக்கெட்டை அச்சடித்துக் கொடுப்பேன், பிறகு யாராவது வந்து கத்தினால் அந்தக் கத்தலையும் வாங்கிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். பி.காம். அப்பா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், பஸ் பிடித்து அங்கேயே வந்துதான் தூக்குகிறார்.

எனக்கு எதிரே நாற்காலியின் நுனியில் நிஷா உட்கார்ந்திருந்தாள். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். பாய்மரப் படகு ஓட்டுபவள். தனியாளாக ஓட்டும் சின்னப் படகு. கோவாவில் தேசிய அணிக்கான தேர்வு. வியாழக்கிழமை காலை விமானத்துக்கு எங்கள் கடையில்தான் டிக்கெட் எடுத்தாள். விடியற்காலையில் குப்பமே கிளம்பி மீனம்பாக்கம் போய் அவளை உள்ளே அனுப்பியிருக்கிறது. உள்ளே கவுண்ட்டரில், "இந்த ஃப்ளைட் ரத்தாகி ரெண்டு நாள் ஆச்சே. உங்களை நேத்து சாயங்கால ஃப்ளைட்டுக்கு மாத்தினோம். நீங்க வரலை" என்றிருக்கிறார்கள். டிக்கெட்டும் போனது. தேர்வும் போனது.

தேர்வு நடத்தும் கோவாக்காரர்கள் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தகவல் தன்னிடம் வரவில்லை, தவறு தன்னுடையது இல்லை என்று ஆதாரத்தோடு இன்றைக்கு மாலைக்குள் காட்டினால், இரண்டாவது சுற்றில் இறக்கிவிடுவார்கள். காட்டாவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

விமானக் கம்பெனியோ ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டது: பயணிக்கு முன்கூட்டியே தகவல் தரப்பட்டது.

"ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமாக்கா?" என்றாள் நிஷா. "தூங்கிட்டேனாம். தெருமுனைல பேனர் வேற கட்டி வெச்சிக்கிறாங்கோ. 'தேசியப் போட்டிக்குச் செல்லும் எங்கள் கடல் சிங்கமே'ன்னு. தண்ணி புடிக்கப் போனாக்கூட அந்தச் சிங்கத்துக்குக் கீழ குனிஞ்சிக்கினுதான் போறேன்."

அன்று காலை பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, விமானப் பயணிகளின் உரிமைகள் என்று போனில் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல விஷயமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ரத்து செய்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேறு விமானம் கொடு, இல்லை முழுப் பணத்தையும் கொடு. கடைசி நேரத்தில் சொன்னால் அதற்கு மேல் நஷ்டஈடும் கொடு. ரொம்ப நேரம் காக்க வைத்தால் சாப்பாடு கொடு. படிக்கப் படிக்க, நாம் எல்லோரும் ராஜா வீட்டுப் பிள்ளைகளோ என்று தோன்றியது. பிறகு வந்தன விதிவிலக்குகள். புயல், மழை என்று அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை. அதற்கும் கீழே, பயணி சரியான தொடர்பு எண்ணைத் தராவிட்டாலும் இல்லை.

அடையாறு பாலத்து நெரிசலில் பஸ் நின்றபோது அந்த வரியிலேயே நானும் நின்றுவிட்டேன். பயணி எங்கே நம்பரைத் தருகிறார்? என்னிடம் தருகிறார். நான் ஒரு துண்டுத்தாளில் எழுதி சாரிடம் தருகிறேன். சார் கம்ப்யூட்டரில் எதைத் தட்டுகிறார்? இத்தனை நாள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு சார் இல்லை. சாந்தோமில் சொந்தக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம், அதற்குப் பிறகு விருந்து. அதனால்தான் கேட்டேன்.

போனின் அந்தப் பக்கம் ரூஹி என்று ஒரு பெண். விமானக் கம்பெனியில் ஏஜென்ட்டுகளுக்கான மேஜையைப் பார்ப்பவள்.

"நீங்க ஏஜென்சிலேர்ந்துதானே பேசறீங்க?"

"ஆமா."

"இதை நீங்க என்கிட்ட கேக்கறீங்களா?" அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. திட்டியிருந்தால் விட்டிருப்பேன். அந்தச் சிரிப்பை விட முடியவில்லை.

"என்ன மேடம் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. அந்த விவரத்தை உங்ககிட்ட சொல்லக்கூடாது. பேசஞ்சர் கேட்டா சொல்லலாம். அது அவங்களோட விவரம்தானே."

ஸ்பீக்கரில் போட்டேன். நிஷா குனிந்து, கிணற்றுக்குள் பேசுவது மாதிரி கத்தினாள். "ஹலோ! நான்தாங்க நிஷா! எந்த நம்பருக்கு அனுப்சீங்க?"

டிக்கெட் எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு ரூஹி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நிஷா உள்ளங்கையில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுக் கையையே பார்த்தாள்.

"இது என் நம்பர் இல்லீங்களே. எங்க வூட்ல யார் நம்பரும் இல்ல."

"புக்கிங்ல இதுதான் மேடம் இருக்கு. ரத்தானதும் மெசேஜ் போயிருக்கு, ஃப்ளைட் மாத்தினதுக்கும் போயிருக்கு. ரெண்டும் டெலிவர்டுன்னு காட்டுது."

"அப்டின்னா?"

"போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

"யார்கிட்ட?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"அது எனக்குத் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டுத்தான் பாருங்களேன்."

கடையின் லேண்ட்லைனிலிருந்து போட்டேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"அக்கா," என்றாள் நிஷா. "வண்டு மாதிரி ஏதோ கத்துது பாரு."

எனக்கும் கேட்டது. ர்ர்ர் என்று நிற்கும், மறுபடி ர்ர்ர் என்று தொடங்கும். ஏசிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசராக இருக்கும் என்று அதைத் தட்டினேன். அது இல்லை. ரிசீவரை வைத்தேன். வண்டும் நின்றது. எடுத்து மறுபடி போட்டேன். வண்டும் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

நிஷா என் மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்தாள். ஒரு முனையை அலமாரியில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தாள். "எங்க சித்தப்பா துடுப்பைத் தண்ணில வுட்டு இப்டித்தான் கேப்பாரு. மீன் கூட்டம் எந்தப் பக்கம் போவுதுன்னு." அலமாரி இல்லை. என் மேஜை இல்லை. கிளிஃபர்ட் சாரின் மேஜையில் ஸ்கேலை வைத்தவள் கண்ணை அகலத் திறந்தாள். "இங்கதான் கீது."

கீழ் டிராயர். பூட்டவில்லை. மேலே பழைய வேளாங்கண்ணி மாதா காலண்டர்கள். அதன் கீழே பெட்டியில் கட்டும் அட்டைகள் ஒரு கட்டு. அதற்கும் கீழே ஒரு போன். டிராயரின் பின்பக்கம் ஓட்டை போட்டு சார்ஜர் வயரை உள்ளே விட்டிருந்தார். வழிதவறி வந்து விழுந்த போன் இல்லை. குடியிருக்கும் போன்.

திரையில் பூட்டு இல்லை. படிக்காத மெசேஜ்கள் வரிசையாக. நிஷாவின் பெயர் போட்டு இரண்டு. உங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டது, வருந்துகிறோம். உங்களை இந்த விமானத்துக்கு மாற்றியுள்ளோம், விருப்பமில்லையெனில் இங்கே அழுத்தவும். கேட்டிருக்கிறார்கள். ஒரு டிராயரைப் பார்த்து, உனக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

நிஷா எட்டிப் படித்தாள். "அப்ப நான் தூங்கலக்கா," என்றாள். அவளுக்கே அதில் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பெயர்கள். முகங்களோடு எனக்கு ஞாபகம் இருந்த பெயர்கள். அப்பாவின் அஸ்தியோடு காசிக்குப் புறப்பட்ட நங்கநல்லூர்க்காரர். விமானம் அரை நாள் தாமதம் என்பது தெரியாமல், முட்டி வலிக்கிற அம்மாவை இருட்டோடு இழுத்துக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் உட்கார வைத்தார். திரும்பி வந்து என் மேஜையில் அடித்துக் கேட்டார். "அவங்க நமக்குச் சொல்லவே இல்லை சார்" என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவருக்கான தகவல் இதோ, நான் அப்படிச் சொன்ன இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் கிடந்திருக்கிறது.

எல்லாம் படிக்காதவை இல்லை. பெரும்பாலானவற்றை சார் பார்த்திருந்தார். பார்த்துக் கூப்பிட்டும் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் எதையும் திறக்கவில்லை. வீட்டில் விசேஷம் அல்லவா.

நாளைக்கு மதுரை போகும் ஷண்முகப்ரியா என்ற பெயருக்கும் ஒன்று இருந்தது. காலை விமானம் மதியத்துக்கு மாற்றம். துண்டுத்தாளைத் தேடி எடுத்து அவள் நம்பருக்குப் போட்டுச் சொன்னேன். "ஐயோ, நல்லவேளை சொன்னீங்க. கைக்குழந்தைங்க," என்றாள். அவ்வளவுதான் வேலை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு உட்கார்ந்து டைப் செய்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சுற்றி வளைக்காமல். இந்தப் பயணி தன் நம்பரை எங்களிடம் கொடுத்தார். நாங்கள் அதைப் பதியவில்லை. கடையின் போன் நம்பரைப் பதிந்தோம். உங்கள் தகவல் அந்த போனுக்கு வந்தது, யாரும் படிக்கவில்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் எங்கே வேண்டுமானாலும் நேரில் வந்து சொல்வேன். கீழே என் பெயர், அன்புச்செல்வி, பி.காம். கோவாவுக்கு ஒன்று, விமானக் கம்பெனியின் புகார் அதிகாரிக்கு ஒன்று. அனுப்பு என்பதை அழுத்தினேன். பசித்தது.

கிளிஃபர்ட் சார் கையில் கேக் டப்பாவோடு மாடியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் விருந்துக் களை. மேஜை மேல் போனைப் பார்த்ததும் அந்தக் களை அப்படியே நின்றது.

"யார் எடுத்தது?"

"அதுவே கூப்பிட்டுச்சு சார்."

நிஷாவைப் பார்த்தார். டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "நிஷா, கீழ கொஞ்ச நேரம் நில்லும்மா. கேக் சாப்பிடு." அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனாள்.

சார் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"இந்தத் தெருவுல ஒரு காலத்துல எத்தனை ஏஜென்சி இருந்துச்சு தெரியுமா உனக்கு? இப்ப நான்தான் பாக்கி. ஏன்னு நினைக்கிற? பேசஞ்சர் நம்பரைப் போட்டா மறுநாளே கம்பெனிக்காரன் அவனுக்கு நேரா ஆஃபர் அனுப்புவான். அடுத்த டிக்கெட்டை அவனே ஆப்ல போட்டுக்குவான். நான் மாதா படத்துக்கு மாலை போட்டுக்கிட்டு ஈ ஓட்டணும். எல்லாருமே இதைத்தாம்மா பண்றாங்க."

"வந்த மெசேஜை அவங்களுக்குச் சொல்லிடறதுன்னா பரவாயில்லை சார்."

"சொல்லிடுவேனே! எப்பவும் சொல்லியிருக்கேன். இந்த வாரம்தான் விட்டுப்போச்சு."

"நங்கநல்லூர்க்காரருக்கு?"

மின்விசிறியைப் பார்த்தார். "ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும்," என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அதைவிட, அவர் மண்டைக்குள் இது எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசை இருந்தது. நல்ல மனுஷர். எனக்கு இங்கிலீஷ் வராது என்று மற்ற இடங்களில் திருப்பி அனுப்பியபோது வேலை கொடுத்தவர். மழையில் பஸ் நின்றுபோன நாளில் ஆட்டோ பிடித்து அனுப்பியவர். அவர் எப்படி ஒரு டிராயரில் இத்தனை பேரைப் போட்டு மூடினார்?

"அந்தப் பொண்ணோட அம்மா ஜோதிலட்சுமி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு மீன் கொண்டாரவங்க," என்றார். "ஆப்லாம் வேண்டாம், சார் போட்டாத்தான் நம்பிக்கைன்னு தேடி வந்தாங்க. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட மீன் வாங்கறது?" குரல் நிஜமாகவே உடைந்தது. பிறகு நிமிர்ந்தார். "அவ சான்ஸ் போகக்கூடாது. லெட்டர்ஹெட்லயே எழுதிக் குடுக்கறேன். சீல் போட்டு."

"என்னன்னு சார்?"

"தகவல் பேசஞ்சருக்குப் போகலைன்னு. ஸ்டாஃப் தவறுதலா வேற நம்பரை என்ட்ரி பண்ணிட்டாங்கன்னு."

"எந்த ஸ்டாஃப்?"

இரண்டு நாற்காலி உள்ள கடையில் இப்படி ஒரு கேள்விக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அவர் யோசிப்பது மாதிரி இருந்தார்.

"உன் பேர் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. வேலைல கை வைக்கமாட்டேன். மாதா மேல சத்தியம். நிஜத்தைச் சொன்னா என் ஏஜென்ட் ஐ.டி.யைக் கட் பண்ணிடுவாங்க. கடையே போயிடும், உன் வேலையும் சேர்ந்து போயிடும். இப்படிச் சொன்னா அவளுக்கும் கெடைச்சிடும், நாமளும் பொழைச்சுக்குவோம். யாருக்கும் நஷ்டம் இல்லை பாரு."

"நான் புக்கிங்கைத் தொட்டதே இல்லையே சார்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதில் ஒரு கணக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நிஷாவுக்குப் படகு. அவருக்குக் கடை. எனக்குச் சம்பளம். டிராயருக்குப் புது நம்பர் ஒன்று. போகப்போவது என் பெயர் மட்டும்தான். எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று முதன்முதலில் ஒரு தாளில் ஏறிச் சுவரில் ஒட்டப்பட்டது, ஆற்றோரம் இடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில். அடுத்தது என் பட்டத்தில். அதை அம்மா பிளாஸ்டிக் கவர் போட்டு மாட்டியிருக்கிறாள். மூன்றாவது இந்த லெட்டர்ஹெட்டிலா?

"எழுதட்டுமா?" என்றார் சார். பேனாவைத் திறந்துவிட்டார்.

"வேண்டாம் சார். நான் அனுப்பிட்டேன்."

"எதை?"

"நடந்ததை. கோவாவுக்கும் கம்பெனிக்கும். படத்தோட."

"எப்ப?"

"நீங்க அங்க கேக் வெட்டிக்கினு இருந்தப்ப."

வாயில் 'கினு' வந்துவிட்டது. அவர் திருத்தவில்லை. பேனாவை மூட மறந்து என்னையே பார்த்தார்.

"அனுப்பிட்டு, இவ்வளவு நேரம் என்னை ஏன் பேச விட்ட?"

"இன்னா சொல்வீங்கன்னு தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சு."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

டிபன் பாக்ஸைப் பையில் போட்டேன். குடையை எடுத்தேன். மர ஸ்கேல் அவர் மேஜையில் கிடந்தது. அது என்னுடையது, காலேஜில் வாங்கியது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு வருவியா அன்பு?" என்றார். மிரட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். டிக்கெட்டை யார் அச்சடிப்பது, கத்தலை யார் வாங்குவது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"புக்கிங்ல அவங்கவங்க நம்பரைப் போட ஆரம்பிச்சீங்கன்னா சொல்லி அனுப்புங்க சார். என் நம்பர் உங்ககிட்ட கீது."

கதவைத் தாண்டும்போது மேஜை மேல் அந்த போன் அதிர்ந்தது. இப்போது காலண்டர் இல்லை, அட்டை இல்லை, பலகையில் நேராக அதிர்ந்து தானாகவே நகர்ந்தது. சார் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க சார். யாருக்கோ என்னமோ சொல்றாங்க."

படியிறங்கினேன். கீழே பாத்திரக்கடை வாசலில், பித்தளைக் குடங்களுக்கு நடுவில் நிஷா நின்றிருந்தாள். ஒரு கையில் கேக் டப்பா. மறு கையில் அவளுடைய சொந்த போன், காதோடு அழுத்தி. 'கோவா' என்று என்னிடம் வாயசைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே இந்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"ஹான் சார். ஹான் சார். ஹான் சார்!"